கடைசியில் கேட்பவர்

கதை விமரிசனம் எழுதுகிறவனுக்குச் சீட்டாட்டப் புஸ்தகத்தோடு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். தரங்கம்பாடியில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். கொண்டுபோன இரண்டு நாவல்களையும் பாதியில் மூடிவிட்டேன். கடைசிவரை படித்தது மைக் லாரன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1981இல் வெளியிட்ட பிரிட்ஜ் புஸ்தகம் ஒன்றைத்தான். ‘பாலன்ஸிங்’ என்ற ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது முழுப் புஸ்தகமும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்கவேண்டும். ஒருவர் கேட்டபின் மற்ற மூன்று பேரும் வரிசையாகப் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது. எதிராளிகள் இரண்டு ஹார்ட் மாதிரி மலிவான இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு பாஸ் வந்தாயிற்று. மூன்றாவது பாஸ் உங்களுடையது. அந்த ஸ்தானம்தான் பாலன்ஸிங். கையில் இருப்பதோ அற்பம். பேசாமல் விட்டுவிடுவதா, துணிந்து கேட்பதா?

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டு முழுவதிலும் 40 புள்ளி. எதிராளிகள் தாழ்வாக நின்றால் அவர்களிடம் பெரும்பாலும் பாதிதான் இருக்கும். என் கையில் 8 என்றால், வாயே திறக்காத என் கூட்டாளியிடம் 12. பலம் இருந்தும் சொல்ல வாகான சீட்டு இல்லாமல் அவர் சும்மா இருந்திருக்கிறார். அதனால் அவரிடமிருந்து ஒரு ராஜாவைக் கடன் வாங்கியதாக வைத்துக்கொண்டு, என்னிடம் 11 இருக்கிற மாதிரி நான் கேட்கலாம். பதில் சொல்லும்போது அவர் அந்த மூன்றைக் கழித்துக்கொள்ளவேண்டும். எதிராளிகள் இருவருக்கும் ஒரே இனம் பொருந்தியிருந்தால் நமக்கும் இன்னோர் இனம் பொருந்தியிருக்கும், தைரியமாகக் கேட்கலாம். ஒன்றும் பொருந்தாமல் அவர்கள் தடுமாறி நின்றிருந்தால், அங்கேயே தவிக்கவிடுவதுதான் புத்தி.

பேசாத பாத்திரத்தை மற்றவர்கள் பேச்சு எங்கே நின்றது என்பதைக்கொண்டு அறிவது நல்ல நாவல் படிக்கிற முறை. இதை லாரன்ஸ் கைக்குக் கை, சலிக்காமல் செய்கிறார். நம் நாவலாசிரியர்களில் பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது. பேசாதவனையும் இரண்டு பக்கம் பேசவைத்துவிடுவார்கள்.

தரங்கம்பாடியே பாலன்ஸிங்கில் பிறந்த ஊர் என்று எனக்கொரு வேடிக்கையான எண்ணம். போர்ச்சுகீசியர் நாகப்பட்டினத்தில், டச்சுக்காரர் பழவேற்காட்டில், ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் என்று மூன்று பேரும் கேட்டு முடித்தபின், நாலாவதாக வந்தவர் டேனிஷ்காரர். சொந்தக் கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் என்ற ராஜாவைக் கடன் வாங்கிக்கொண்டு 1620இல் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, நடுவில் சில வருஷங்கள் தவிர, ஆட்டம் அவர்கள் கையில்தான் இருந்தது.

லாரன்ஸிடம் எனக்குள்ள குறை, அவர் புஸ்தகத்தில் சீட்டுகள் இருக்கிற அளவுக்கு மனிதர்கள் இல்லை என்பது. அதற்கு எஸ். ஜே. ஸைமனிடம் போகவேண்டும். காரில் பிராம்ஸ் என்ற அம்மாளோடு சேர்ந்து ஹாஸ்ய நாவல்கள் எழுதியவர் அவர். பிரிட்ஜில் ஏன் தோற்கிறோம் என்று அவர் 1945இல் எழுதிய புஸ்தகத்தில் வரும் திருமதி குகன்ஹைமையும் ஃப்யூடைல் வில்லியையும் எந்த ஊர் கிளப்பிலும் பார்க்கலாம். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜோடிகளுக்கான பிரிட்ஜில் தங்கம் வாங்கினார்கள் நம் நாட்டுப் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. இது கிழவர்கள் பொழுதைப் போக்குகிற ஆட்டம் என்று என் வீட்டில் சொல்லப்படுவதற்கு அதைத்தான் பதிலாகச் சொல்லி வருகிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஜோடி எப்படி அமைகிறது என்பதை லாரன்ஸும் சொல்லவில்லை, ஸைமனும் சொல்லவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே கூட்டாளி. பெயர் வேண்டாம். கோட்டைக்கு எதிரே, ஒரு வீட்டு வராந்தாவில் ஆடிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஒரு கேம் ஜெயித்து வல்னரபிள். தோற்றால் அபராதம் அதிகம். எனக்கு வலப்பக்கத்துக்காரர் ஒரு ஹார்ட் கேட்டார். என்னிடம் ஐந்து ஸ்பேடு, மொத்தம் 8 புள்ளி, பாஸ் சொன்னேன். இடப்பக்கத்தவர் இரண்டு ஹார்ட். என் கூட்டாளி சீட்டை விரித்தார், மூடினார், சமுத்திரத்தைப் பார்த்தார், பாஸ் என்றார். முதலில் கேட்டவரும் பாஸ். நான் இரண்டு ஸ்பேடு கேட்டேன். என் கூட்டாளி ஒரே தாவாக நாலு ஸ்பேடு! டபிள் விழுந்தது. எட்டுப் பிடிதான் கிடைத்தது. இரண்டோடு நின்றிருந்தால் எங்களுக்கு 60. இப்போது 500 அபராதம்.

“பன்னிரண்டு வைத்திருந்தேன் ஓய்! நீர் கேட்டபிறகு எப்படிச் சும்மா இருப்பது?” என்றார்.

“உம்முடைய பன்னிரண்டையும் சேர்த்துத்தானே நான் கேட்டேன்? நீர் இன்னொரு தரம் கூட்டினால்?”

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மெதுவாக, “நான் யோசித்ததைப் பார்த்துவிட்டுத்தானே கேட்டீர்?” என்றார்.

கூட்டாளியின் தயக்கத்திலிருந்து தெரிந்துகொண்டதை ஏலத்தில் உபயோகிக்கக்கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். பந்தயமாக இருந்தால் நடுவரைக் கூப்பிட்டுக் கணக்கையே மாற்றச் செய்யலாம். எதிராளிகள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். கேட்டவர் அவர். லாரன்ஸின் கணக்குப்படி அந்த இரண்டு ஸ்பேடு நியாயமானதுதான். எதிராளிகளுக்கு ஹார்ட் பொருந்தியிருந்தது, தாழ்வாக நின்றார்கள், என்னிடம் ஐந்து ஸ்பேடு இருந்தது. இவ்வளவையும் ராத்திரி படுக்கையில் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கேட்ட கணத்தில் இந்தக் கணக்கு என் மனசில் ஓடியதா, அல்லது அவர் சமுத்திரத்தைப் பார்த்த பார்வைதான் இருந்ததா? எத்தனை புரட்டியும் அது பிடிபடவில்லை. மறுநாள் புஸ்தகத்தை மறுபடி எடுத்து அந்த மாதிரிக் கைகளையெல்லாம் பார்த்தேன். எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தன.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார், எதிரே பழைய இடத்தில் உட்கார்ந்தார், காபி கேட்டார். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் அன்றிலிருந்து தம் முறை வந்ததும் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் பாஸ் சொல்லிவிடுகிறார்.