கம்பியும் கடனும்

மின்சாரத்துக்கு எல்லை தெரியாது என்று எழுதுவது இந்நாளில் ஒரு வழக்காகிவிட்டது. அயல்நாடுகள் இரண்டு ஒரு மின்வடத்தாற் பிணைக்கப்படும்போதெல்லாம் நமது நாளேடுகளின் ஆசிரிய தலையங்கங்களில் நட்பு, உறவுப்பாலம், ஒளி என்னும் சொற்கள் தவறாது வந்து அமர்ந்துகொள்கின்றன. ஒளியைப் போற்றுவதில் நமக்குப் பிணக்கு எதுவுமில்லை. ஆயின், அப்போற்றுதலின் நிழலில் மறைந்துகிடக்கும் கணக்கேட்டை எவரும் விரித்துப் பார்க்காமையே நம்மை உறுத்துகின்றது.

தமிழ் கற்றோர் ஒரு சங்கப்பாட்டைக் கையில் எடுத்ததும் முதலில் வினவுவது, இஃது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்பதேயாகும். தோழி கூறியதைத் தலைவி கூறியதாகக் கொண்டால் பாட்டின் பொருளே பிறழ்ந்துவிடும். மின்சார ஒப்பந்தமும் ஒரு வாசகமே. அதனுள் பேசுபவர் யார், கடன்பட்டவர் யார், ஊதியம் யாருக்கு, இடர் யார் தலையில் என்பவற்றைப் பிரித்தறியாது, நட்பு என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் போர்த்துவிடுவதைப் பிழையான உரை என்றே கொள்ளவேண்டும்.

இவ்வாறு நுணுகிப் படிக்கத்தக்க வாசகமொன்று நம் காலத்தில் உண்டு. 2015 யூன் மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டாக்கா சென்றார். அவ்வாண்டு ஓகஸ்டில் அதானி குழுமத்துக்கும் பங்களாதேசத்து மின்சார அபிவிருத்திச் சபைக்குமிடையே முதல் உடன்பாடு ஏற்பட்டது. 2017 நவம்பரில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கான கொள்வனவு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்துக் கொட்டா மாவட்டத்தில் 1,600 மெகாவொற் வலுவுள்ள நிலக்கரி மின்நிலையம். அங்கிருந்து பங்களாதேசத்துக்கு மாத்திரமே செல்லும் தனி மின்வடம். 2023 இல் நிலையம் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

ஜார்க்கண்ட் நிலக்கரிக்குப் பேர்போன மண். எனினும் இந்நிலையத்தின் உலைக்குரிய நிலக்கரி கடல்கடந்து வருகின்றது. ஒடிசாக் கரையில் அதே குழுமத்துக்குரிய தாம்ரா துறைமுகத்தில் இறங்கி, பல நூறு மைல் தூரம் புகையிரதத்தில் ஏறிச் செல்கின்றது. அவுஸ்திரேலியாவிலுள்ள கார்மைக்கேல் சுரங்கமும் அக்குழுமத்தின் உடைமையே. சுரங்கம், துறைமுகம், நிலையம், எல்லைவரை செல்லும் வடம் என ஒவ்வொரு படியிலும் கைநீட்டுபவர் ஒருவரே. கொடுப்பவர்தாம் பலர்: டாக்காவிலும் இராஜ்சாகியிலும் மாத முடிவில் மின்கட்டணம் செலுத்தும் குடும்பத்தினர்.

இனி முதலின் கதை. நிலையத்தைக் கட்டுவதற்கு இந்திய அரசின் உடைமையான இரு நிதிக் கூட்டுத்தாபனங்கள் ஏறத்தாழ 10,000 கோடி இந்திய ரூபாவைக் கடனாக வழங்கின. அவற்றுள் ஒன்று, இந்தியக் கிராமங்களுக்கு மின்னூட்டுவதற்கென 1969 இல் தோற்றுவிக்கப்பட்டது. கிராமங்களின் பெயரால் திரண்ட பொதுப்பணம் தனியார் முதலாக உருமாறி, அயல்நாட்டு மக்களின் கட்டணத்தால் மீட்கப்படுகின்றது. கொட்டாவின் உழவர்கள், சந்தால் பழங்குடியினர் உட்பட, நிலம் கொடுக்க மறுத்து நின்றதும், அவர்களிற் சிலர் 2019 இல் இராஞ்சி உயர் நீதிமன்றத்தின் படியேறியதும் நட்பின் வரலாற்றை எழுதுவோரின் ஏட்டில் இடம்பெறுவதில்லை.

ஒப்பந்தம் 163 பக்கங்கள் கொண்டது. பணம் செலுத்தவேண்டிய மக்கள் அதன் ஒரு பக்கத்தையும் கண்டதில்லை. 2022 இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அதனைப் பெற்று எழுதிய பின்னரே அதன் உள்ளீடு பரவலாகப் பேசப்பட்டது. மின்சாரத்தைப் பெற்றாலும் பெறாவிட்டாலும் நிலையம் இருப்பதற்காகவே செலுத்தவேண்டிய கட்டணம் அதில் உண்டு. நிலக்கரியின் சந்தைவிலை ஏறினால் அவ்வேற்றம் வாங்குவோர் மீதே சுமரும். 2023 தொடக்கத்தில் தொன்னொன்றுக்கு 400 டொலர் என விலை குறிக்கப்பட்டபோது, 250 டொலருக்கு மேற்படலாகாது என்று டாக்கா வாதாட நேர்ந்தது. கணக்கு முழுவதும் டொலரில். டொலர் இந்தியாவின் நாணயமுமன்று, பங்களாதேசத்தின் நாணயமுமன்று என்பதை நினைவிற் கொள்வோமாக.

இதனை அயலான் திணித்த அநீதி என்று மட்டும் கூறி முடித்தல் பாதி உண்மையே. 2010 இல் பங்களாதேசப் பாராளுமன்றமே ஒரு சட்டத்தை இயற்றியது. போட்டி விலைமனுக் கோராமல் மின்சார ஒப்பந்தங்களைச் செய்யவும், அவற்றை எவரும் நீதிமன்றத்தில் வினவாதிருக்கவும் அச்சட்டம் வழி திறந்தது. மக்கள் எழுச்சியால் அரசு வீழ்ந்த பின்னர், 2024 நவம்பரில், அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் ஒப்பந்தத்தின் ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. எல்லையின் இருபுறத்து ஆளுங்குழாத்தினரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய வாசகம் இது. இருபுறத்து உழைப்போரும் அம்மேசையின் அருகில் இருக்கவில்லை.

2024 ஓகஸ்ட் 5 ஆம் நாள் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். ஒரு வாரம் கழிந்து, 12 ஆம் நாள், இந்திய அரசு தன் விதியொன்றைத் திருத்தியது. அயல்நாட்டுக்கு மட்டுமே மின்சாரம் வழங்கும் நிலையம், வாங்குவோர் பணம் செலுத்தத் தாமதித்தால் இந்திய மின்வலையமைப்புடன் இணைந்து உள்நாட்டிலேயே விற்கலாம் என்பது அத்திருத்தத்தின் சாரம். ஒக்டோபர் 31 ஆம் நாள் கொட்டாவிலிருந்து செல்லும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நிலுவை 80 கோடி டொலருக்கு மேல் என்றது குழுமம். தொகை பற்றி டாக்கா மறுப்புக் கூறியது. பின்னர் தவணையாகப் பணம் சென்றது, மின்சாரமும் 2025 இல் மீண்டது. நிலுவை வைத்தது டாக்காவே என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விளக்கை அணைக்கும் ஆளி எப்புறத்தில் இருக்கின்றது என்பதும், அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதும் அவ்விரு மாதங்களில் வெட்டவெளிச்சமாயின.

எல்லா வடங்களும் இவ்வாறு அமைந்தவையல்ல. பூட்டானின் சுக்கா நீர்மின் திட்டத்துக்கு 1974 இல் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, செலவில் நூற்றுக்கு 60 வீதத்தை இந்தியா நன்கொடையாகவும் 40 வீதத்தை 5 வீத வட்டிக் கடனாகவும் அளித்தது. பூட்டானின் அரச வருவாய்க்கு நீர்மின்சாரம் முதுகெலும்பானது அதன் பயனே. பிற்பட்ட மாங்தேச்சு திட்டத்திலோ நன்கொடை 30 வீதமாகக் குறைந்தது. கடன் 70 வீதம், வட்டி 10 வீதம். அதே ஆறுகள், அதே இரு நாடுகள், அதே நட்பு. மாறியது நிதியின் இலக்கணம் மாத்திரமே. பனிக்காலத்தில் ஆறு மெலியும்போது பூட்டான் இந்தியாவிடமிருந்தே மின்சாரம் வாங்குகின்றது என்பதையும் இடையே குறித்துவைப்போம்.

நேபாளத்தின் நிலை வேறு. மழைக்காலத்தில் அங்கே மின்சாரம் மிகுகின்றது. பங்களாதேசத்துக்கு அது தேவை. இரண்டுக்குமிடையே குறுகிய இந்திய நிலத்துண்டு ஒன்று கிடக்கின்றது. அதனைக் கடப்பதற்கு ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்து, 2024 ஒக்டோபரில் முத்தரப்பு ஒப்பந்தமாயிற்று. அளவு 40 மெகாவொற். கொட்டாவின் நாற்பதில் ஒரு பங்கு. விலை அலகொன்றுக்கு 6.4 அமெரிக்க சதம். சீன முதலீடு கலந்த நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்க மறுப்பதால், நேபாளத்து ஆற்றுநீர் எவர் பணத்தில் கட்டிய அணையில் விழுந்தது என்று பார்த்தே எல்லை திறக்கப்படுகின்றது. எல்லை தெரியாத மின்சாரம் என்பது இதுதானோ?

எம்முடன் கற்பிக்கும் பௌதிகவியல் ஆசிரியரிடம் இத்தொடரைக் கூறியபோது அவர் நகைத்தார். இரு வலையமைப்புகள் ஆடலோட்டத்தால் நேரே இணைந்தால் மின்சாரம் தன் வழியே பாயும் என்பது ஓரளவு சரி. கடலடியில் நெடுந்தூரம் செல்லும் வடங்களில் நேரோட்டத்தையே பயன்படுத்துவர். அங்கே இரு முனையிலும் மாற்று நிலையங்கள் இருக்கும்; எத்தனை மெகாவொற், எத்திசையில் என்று கட்டளையிட்டால்தான் மின்சாரம் நகரும். ஆகவே பௌதிகவியலின்படியும் அது கட்டளைக்குக் காத்திருக்கும் பொருளே என்றார் அவர். நமது தலையங்க ஆசிரியர்கள் அவருடன் அரைமணி நேரம் அமர்ந்திருக்கலாம்.

கடலடி வடம் என்றதும் நம் கரை நினைவுக்கு வருகின்றது. மதுரையையும் அநுராதபுரத்தையும் இணைப்பதற்கான சாத்திய ஆய்வுக்கு 2010 இல் இந்தியாவும் இலங்கையும் உடன்பட்டன. பல்லாண்டு உறங்கிய அவ்வெண்ணம் 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பில் கைச்சாத்தான புரிந்துணர்வு உடன்படிக்கையால் மீண்டும் எழுந்தது.

இந்தியக் கம்பியே வேண்டாம் என்று கூறும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களுடன் நாம் உடன்படவில்லை. மன்னார்க் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மிகுதியை விற்கவும், வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றும்போது வாங்கவும் வடம் உதவும். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் நாடு இருண்டிருந்ததே, அதன் காரணம் யாது? நிலையங்கள் இருந்தன, எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. எம் மாணவர் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் படித்தனர். அன்று ஒரு கடலடி வடம் இருந்து, அதன் கட்டணம் டொலரில் எழுதப்பட்டிருந்தால், டாக்காவுக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்ந்திருக்கும்.

அவ்விருளினூடே, அதே ஆண்டு யூன் மாதத்தில், மின்சாரச் சட்டத்தைத் திருத்தி 10 மெகாவொற்றுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு இருந்த போட்டி விலைமனுக் கட்டாயத்தை நமது பாராளுமன்றம் அகற்றியது. டாக்காவின் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே மறுபதிப்பானது போல இருந்தது அது. மன்னாரிலும் பூநகரியிலும் அமையவிருந்த காற்றாலைகளுக்கு அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என இருபதாண்டு விலை 2024 இல் ஏற்கப்பட்டது. புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டது. மன்னார்க் கடற்றொழிலாளர் தம் கரையைப் பற்றி எழுப்பிய குரலுக்கு விலைப்பேரத்தில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

நம் வாசலிலேயே இன்னுமொரு சான்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது. ஆண்டிறுதியில் சீனத் தரப்பு திட்டம் நின்றதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா அதனை நன்கொடையாக ஏற்றது. வேலையை ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தது 2024 மார்ச்சில். மூன்று சிறு தீவுகளின் விளக்குக்காக இரு பேரரசுகள் மூன்றாண்டு வழக்காடின. தீவு மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டதாக நாம் அறியோம்.

2025 உடன்படிக்கையின் முழு வாசகம் கையொப்பமிட்ட அன்று மக்கள்முன் வைக்கப்படவில்லை. வடத்தின் கடன் எவர் பெயரில்? பாவிக்காத மின்சாரத்துக்கும் கட்டணம் உண்டா? கணக்கு எந்த நாணயத்தில்? பிணக்கை எந்த நாட்டு மன்றம் தீர்க்கும்? இவ்வினாக்களுக்கான விடைகள் கொள்வனவு ஒப்பந்தம் எழுதப்படும்போதுதான் தீர்மானமாகும். அவ்வாசகம் சிங்களத்திலும் தமிழிலும் அச்சாகி, நமது பொது நூலகத்து மேசைக்கு வரும் நாளில் இத்திறனாய்வின் அடுத்த பகுதியை எழுதுவோம்.