டிவி காட்டும் கடைசி நூறு மீட்டர்

பேராக்கில் எந்தப் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தலில் ஒரு குற்றச்சாட்டு காதில் விழும்: "டிவி வந்துச்சு, திடல் காலியாச்சு." சொல்பவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் தோட்டத்துக் குழுவுக்குப் பந்து விளையாடியவராக இருப்பார். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், சீ விளையாட்டு என்று மாறி மாறி வரும் போட்டிகளைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தே பழகிவிட்டார்கள், அதனால்தான் நம்மிடமிருந்து ஓட்டக்காரர்கள் வருவதில்லை என்பது அவர் வாதம். பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. பன்னாட்டுப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தப் பெட்டி நமக்கு என்ன கொடுத்தது, எதை மறைத்தது என்று ஒருமுறையாவது சரியாக எடைபோட்டுப் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஆண்டுக்கணக்கு. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். மூன்றாண்டு கழித்து, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் நம் ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் எடுத்தார். அதே போட்டியில் நம் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் எடுத்தார். தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் தொடங்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். முதல் விருதுகள் இவர்கள் இருவருக்கே போயின. அப்போது லயத்து வீடுகளில் டிவி ஏது? பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரமே ராத்திரி சில மணி நேரம்தான். வானொலியும் மறுநாள் பத்திரிகையும்தான் தங்கத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தன.

இதுவரை கேட்டால் பந்தலில் பேசியவர் சொல்வது சரிபோலத்தான் தெரியும்: டிவி இல்லாத காலத்தில் தங்கம் வந்தது. ஆனால் அந்தத் தங்கம் லயத்துத் திடலிலிருந்து வந்ததா? ஜெகதீசன் மருத்துவ மாணவராக இருந்துகொண்டே ஓடியவர். 'பறக்கும் டாக்டர்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். பள்ளி, பல்கலைக்கழகம், பயிற்சியாளர், ஓடுபாதை என்ற வரிசை அவருக்குப் பின்னால் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவரைப்போல ஓடக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போனது, ஏனென்றால் அந்த வரிசை அவர்களை எட்டவில்லை. நாம் பெருமையாக நினைத்துக்கொள்ளும் பொற்காலத்தில் தோட்டம் ஏற்கெனவே வெளியேதான் நின்றது.

திடல் காலியானதும் உண்மை. காலி செய்தது எது? திடல் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறியது, துண்டு போடப்பட்டது, ரப்பர் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. பால்மரத்துக்கு வேண்டிய அத்தனை கைகள் செம்பனைக்கு வேண்டாம். மிஞ்சிய வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். குடும்பங்கள் ஈப்போவுக்கும், சுங்கை சிப்புட்டுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் நகர்ந்தன. ஈப்போவின் புந்தோங்கில் வாடகை வீடு கிடைத்தவர்களுக்குக் கூரை கிடைத்தது, வேலை கிடைத்தது, கோயில் கிடைத்தது. பதினொரு பேர் நின்று பந்து உதைக்க மண் கிடைக்கவில்லை. டிவி அந்த வீடுகளுக்குள் வந்தது திடல் போன பிறகு. மாலையில் போக இடமில்லாத பிள்ளை எதைப் பார்க்கும்? இந்தக் குற்றத்திலிருந்து தொலைக்காட்சியை நான் விடுவிக்கிறேன். நிலத்துக்கும் கூலிக்கும் நடந்ததை ஒரு பெட்டியின் தலையில் கட்டுவது, பொறுப்பானவர்களைத் தப்பவிடும் வேலை.

ஆனால் பெட்டிக்கு வேறொரு குற்றம் உண்டு. அதை நாம் யாரும் பேசுவதில்லை.

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. மலேசியா பத்துத் தங்கம் வென்ற போட்டி அது. அவற்றில் ஒன்றை ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம். அவர் எடுத்த நேரம் நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். கோலாலம்பூரின் புழுக்கத்தில் நான்கு மணி நேரம் அந்த நடை நடப்பது என்னவென்று, வெயிலேறுவதற்குள் பால்மரம் வெட்டி முடிக்கப் பழகிய நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நம் நினைவில் இருப்பது என்ன? கடைசியில் அரங்குக்குள் நுழைந்து கோட்டைத் தாண்டிய காட்சி. செய்தியிலும் சிறப்பு நிகழ்ச்சியிலும் திரும்பத் திரும்ப ஓடியது அந்தக் கடைசி நூறு மீட்டர்தான். மீதி 49 கிலோமீட்டர் 900 மீட்டரை யார் பார்த்தோம்? எங்கே பின்னால் வந்த ஆஸ்திரேலியர்கள் நெருங்கினார்கள், எப்போது அவர் வேகத்தைக் கூட்டினார், எத்தனை முறை தண்ணீர் எடுத்தார் என்று என்னைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. வென்றார் என்று தெரியும். எப்படி வென்றார் என்று தெரியாது.

நடைப்போட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிவி பார்வையின் குறை இதில்தான் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. விதி இரண்டே. எந்த நேரமும் ஒரு பாதம் தரையில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடலுக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் பாதையோரம் நின்று வெறும் கண்ணால் மட்டுமே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி தரைத்தொடர்பு விடக் கூடாது என்றுதான் விதி எழுதப்பட்டிருக்கிறது. வேகமாக நடக்கும் எவருக்கும் இரு பாதமும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தரையை விட்டு எழத்தான் செய்யும். அது தெரிந்தே எழுதிய விதி அது. ஒளிபரப்பு என்ன செய்கிறது? மெதுவியக்கத்தில் காலைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வீட்டில் இருப்பவர் "ஓடுறான் பாரு, இது ஏமாத்து" என்கிறார். நடுவர் பார்க்கக் கூடாததை ரசிகருக்குக் காட்டி, நடுவர் பார்க்க வேண்டியதை விளக்காமல் விடுவதால், நேர்மையாக நடந்தவர் மேலும் சந்தேகம் விழுகிறது. முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் இடுப்பசைவைப் பார்த்துச் சிரிப்பதும் இதனால்தான். சரவணனின் சாதனை மதிக்கப்படவேண்டிய அளவுக்கு மதிக்கப்படாமல் போனதில் இந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 50 கிலோமீட்டர் நடை இப்போது ஒலிம்பிக்கிலேயே இல்லை; தோக்கியோவோடு முடிந்துவிட்டது. பெண்களுக்கு இணையான போட்டி இல்லாதது பெரிய காரணம், அது நியாயமான காரணமும்கூட. ஆனால் பெண்களுக்கும் அதே தூரத்தைத் திறந்துவிடாமல், எல்லாவற்றையும் குறுக்கும் பக்கம் போனதில் நீளமானதைப் பொறுக்காத திரைக்கும் இடம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

பதக்கப் பட்டியலுக்கு வருவோம். போட்டி நடக்கும் நாள்களில் திரையின் ஓரத்தில் அது இல்லாத நேரமே கிடையாது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டில் மலேசியா 145 தங்கத்தோடு முதலிடம். அதே மலேசியா 1956 முதல் 2024 வரை ஒலிம்பிக்கில் எடுத்த தங்கம் ஒன்றுகூட இல்லை. எட்டு வெள்ளி, ஏழு வெண்கலம். இரண்டு எண்ணும் உண்மை, ஆனால் இரண்டையும் ஒரே அளவுகோலில் படிக்க முடியாது. சீ விளையாட்டில் எந்தெந்தப் போட்டி இடம்பெறும் என்பதில் நடத்தும் நாட்டின் கை ஓங்கியிருக்கும். தனக்கு வரும் விளையாட்டைச் சேர்ப்பதும் வராததை விடுவதும் வழக்கம். இதை எந்த வர்ணனையாளரும் பட்டியலுக்கு அருகில் சொல்வதில்லை. தங்கத்தையாவது நாம் சரியாக எண்ணினோமா? 2016 ரியோ பாராலிம்பிக்கில் ரிட்சுவான் புசி, சியாட் சோல்கெஃப்லி, லத்திஃப் ரொம்லி மூவரும் மூன்று தங்கம் வென்றார்கள். ஒலிம்பிக்கில் ஒலிக்காத நம் தேசிய கீதம் நெகாராகூ அங்கே மூன்று முறை ஒலித்தது. அதற்குச் சில வாரம் முன்னால், ரியோ ஒலிம்பிக் பூப்பந்து அரையிறுதியில் லீ சோங் வெய் சீனாவின் லின் டானை மூன்றாவது ஆட்டத்தில் 22-20 என்று வென்ற இரவில் ஈப்போவின் மாமாக் கடைகளில் நாற்காலி கிடைக்கவில்லை. மாற்றுத்திறன் வீரர்களின் மூன்று தங்கத்துக்கு அந்தக் கூட்டத்தில் பாதியாவது கூடியதை நான் பார்க்கவில்லை. பட்டியலைக் கடவுளாக வைத்திருக்கும் நாம், அந்தப் பட்டியலுக்குக்கூட உண்மையாக இல்லை.

பட்டியலில் இடமே இல்லாதது நான்காம் இடம். 2024 பாரிஸில் தீனா முரளிதரனும் பெர்லி டானும் பெண்கள் இரட்டையர் பூப்பந்தில் அரையிறுதிக்குப் போனார்கள். அதுவரை எந்த மலேசியப் பெண் இணையும் ஒலிம்பிக்கில் எட்டாத இடம் அது. வெண்கல ஆட்டத்தில் ஜப்பானிய இணையிடம் தோற்றார்கள். பட்டியலைப் பொறுத்தவரை அவர்கள் முதல் சுற்றில் வெளியேறியவர்களுக்குச் சமம். ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டின் நிலை இன்னும் மோசம். ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட்டுக்கு ஒலிம்பிக்கில் ஆட வாய்ப்பே வரவில்லை. ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் உள்ளே வருகிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் எஸ். சிவசங்கரி எடுத்த தங்கத்தை நம்மில் பலர் செய்தி வரியாகத்தான் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு சாலை விபத்தில் அடிபட்டுக் காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டவர், திரும்பி வந்து ஆசியாவின் முதலிடத்தில் நின்றார் என்பது அந்த வரிக்குள் அடங்கவில்லை.

பெட்டியின் நல்லதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இது எடைபோடுதல் ஆகாது. சில ஆட்டங்களைத் தொலைக்காட்சிபோல வேறெதுவும் காட்ட முடியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, ஆண்கள் ஹாக்கி அரையிறுதி, மலேசியாவும் இந்தியாவும். ஆட்டம் 2-2. அதன்பின் ஷூட்அவுட்: ஒரு ஆட்டக்காரர், ஒரு கோல் காவலர், எட்டு நொடி. மலேசியக் கோல் காவலர் எஸ். குமார். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்தைப் பார்த்துப் பழகிய ஈப்போக்காரர்களுக்கு அவரை நேரில் தெரியும். ஆனால் அரங்கின் படிக்கட்டிலிருந்து பார்த்தால் தலைக்கவசம்தான் தெரியும். திரையில் அவர் எப்போது முன்னே வந்தார், எந்தப் பக்கம் ஆட்டக்காரரை ஒதுக்கினார், கடைசி நொடியில் எப்படிக் காலை நீட்டினார் என்று எல்லாம் தெரிந்தது. 7-6. வீட்டில் பெரியவர்களில் சிலருக்கு இந்தியா ஜெயிக்கட்டுமே என்று உள்ளூர ஓர் ஆசை இருந்திருக்கலாம். குமார் தடுத்தபோது அவர்களும்தான் எழுந்து நின்றார்கள். ஒரு சமூகம் தான் எந்த மண்ணுக்கு உரியது என்பதை யாரும் கேட்காமலே காட்டிக்கொண்ட நேரம் அது. மலாயில் வந்த வர்ணனையும் அன்று குறையாகத் தெரியவில்லை. சீனர் கடையிலும் கம்போங்கிலும் புந்தோங்கிலும் ஒரே குரலுக்கு ஒரே மூச்சில் கத்தினோம்.

இறுதியாட்டம் ஜப்பானோடு. 6-6, பிறகு ஷூட்அவுட்டில் 3-1 என்று தோல்வி. வென்றிருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரே போயிருக்கலாம். 2000 சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் கடைகளில் நடந்த விசாரணை முழுக்க கடைசி நிமிடத்தைப் பற்றியது. யார் பந்தை விட்டார், யார் தடுக்காமல் நின்றார். ஆறு கோல் போட்ட அணியின் அறுபது நிமிட ஆட்டத்தை எடுத்துப் பேசியவர் அரிது. திரை எதைத் திரும்பக் காட்டியதோ அதைத்தான் நாமும் திரும்பப் பேசினோம்.

என் தீர்ப்பு இது. தொலைக்காட்சி நம் திடலைக் காலி செய்யவில்லை. அந்தப் பழி பொய்யானது, வசதியானதும்கூட. முகத்தையும் கணத்தையும் அது நேர்மையாகக் கொடுத்தது, நம்மை அண்டை வீட்டாரோடு சேர்த்து எழவைத்தது. ஆனால் உழைப்பின் நீளத்தை அது நம்மிடமிருந்து மறைத்தது. முடிவைக் கொண்டே மனிதரை அளக்கப் பழக்கியது. தோட்டத்திலிருந்து வந்த மக்களுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய இழப்பு என்று சொல்வேன், ஏனென்றால் நீண்ட, யாரும் பார்க்காத உழைப்பின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? இரண்டு தட்டையும் நிறுத்துப் பார்த்தால், ஒளிபரப்பாளர்கள் பக்கம் கடன் இருக்கிறது.

அந்தக் கடனைத் தீர்க்கப் பெரிய பணம் தேவையில்லை. 2026 ஆசிய விளையாட்டு ஐச்சி-நாகோயாவில், 2027 சீ விளையாட்டு நம் நாட்டிலேயே. ஒரு அலைவரிசையையாவது வெட்டாமல் ஓடவிடுங்கள்: நடைப்போட்டி தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஸ்குவாஷ் முதல் சுற்றிலிருந்து. விதி தெரிந்த ஒருவரைத் தமிழில் பேச உட்காரவையுங்கள். நடுவர் சிவப்பு அட்டையை எதற்காகப் போடுகிறார் என்று பாட்டிக்கும் பேரனுக்கும் சொல்லக் கூடியவராக அவர் இருக்கட்டும். பதக்கப் பட்டியலை ராத்திரிச் செய்தியில் ஒருமுறை காட்டினால் போதும்.