கொரில்லாவைத் தவறவிட்டது கவனக்குறைவா?

போன மாதம் என் சித்தி மகளுக்கு ஒரு மெமோ வந்தது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். அன்றைக்கு நைட் ஷிஃப்ட். ஒரு குழந்தையின் எடைக்குத் தக்கபடி மருந்தின் அளவைக் கணக்குப் போட்டு, கரைத்து, சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது இரண்டு கட்டில் தள்ளி இருந்த சிரிஞ்ச் பம்ப், மருந்து தீர்ந்துவிட்டது என்று கத்தியிருக்கிறது. இவளுக்குக் கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் அப்பா பக்கத்தில் வந்து சத்தம் போட்ட பிறகுதான் திரும்பியிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புகார் போய்விட்டது. மெமோவில் இருந்த வார்த்தை: "கவனக்குறைவு". மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அதே வாரம் அங்கே நர்ஸ்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் அந்தக் கொரில்லா வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீங்க. வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், கறுப்புச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், இரண்டு பந்து. வெள்ளை அணி எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறது என்று எண்ணச் சொல்வார்கள். நடுவில் கொரில்லா உடை போட்ட ஒருவர் சாவகாசமாக நடந்து வந்து, நின்று, மார்பில் அடித்துக்கொண்டு போவார். பார்ப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சப்ரிஸும் 1999-ல் வெளியிட்ட சோதனை இது. பிறகு 2010-ல் புத்தகமாகவும் வந்தது.

வீடியோ முடிந்ததும் பயிற்சியாளர் சொன்னாராம்: "பார்த்தீங்களா, இவ்வளவு பெரிய கொரில்லாவையே விட்டுட்டீங்க. வார்டுல இனிமேலாவது கவனமா இருங்க."

என் புகார் அந்த "இனிமேலாவது" மேல்தான். அந்தச் சோதனை சொல்வதற்கு நேர் எதிரான பாடம் இது. கொரில்லாவைப் பார்க்காதவர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கொடுத்த வேலையை, பந்தை எண்ணுவதை, ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கொரில்லாவை எல்லாரும்தான் பார்ப்பார்கள். கவனமாக இருந்ததன் விலை அது.

வாட்ஸப்பிலும் பயிற்சி வகுப்பிலும் இந்த வீடியோ சுற்றும்போது ஒரு விஷயம் மட்டும் எப்போதும் கழன்றுவிடுகிறது. கறுப்பு அணியை எண்ணச் சொன்னவர்களுக்குக் கொரில்லா அதிகமாகவே தெரிந்தது. காரணம், கொரில்லாவும் கறுப்பு. வெள்ளையை எண்ணியவர்கள் கறுப்பு எதையும் தள்ளிவிடும்படி தங்களைத் தயார் செய்துகொண்டார்கள். அந்தத் தள்ளுபடியில் கொரில்லாவும் போயிற்று. எதைத் தவறவிடுவோம் என்பது நம்முடைய பொறுப்புணர்வைவிட, நம்மை என்ன தேடச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. என்னைக் கேட்டால் சோதனையின் சாரமே இதுதான். ஆனால் இதைச் சொன்னால் கைதட்டு கிடைக்காது, கொரில்லாவுக்குத்தான் கிடைக்கும்.

2013-ல் வெளியான இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மையானது. 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சிடி ஸ்கேன்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனில் சின்னக் கொரில்லாப் படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். சின்னது என்றாலும் சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு. 20 பேர் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்பதையும் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா மேலேயே நின்றிருந்தது. செய்தியாக வந்தது இவ்வளவுதான்: "டாக்டர்களுக்கே தெரியவில்லை!" மருத்துவம் படிக்காதவர்களிடமும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்பது செய்தியில் அமுங்கிப்போயிற்று. அனுபவம் கொஞ்சம் உதவியிருக்கிறது. கூரையைப் பிய்த்துக்கொண்டு உதவவில்லை, அவ்வளவே.

இந்த எல்லை ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1953-ல் காலின் செர்ரி இரண்டு காதிலும் இரண்டு வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஆண் குரல் பெண் குரலானால் தெரிந்தது. ஒலி தெரிகிறது, பொருள் தெரியவில்லை. இதை வைத்து 1958-ல் டொனால்ட் பிராட்பென்ட் தன் வடிகட்டிக் கோட்பாட்டை எழுதினார்: உள்ளே வரும் தகவல் ஏராளம், அலசிப் பார்க்கும் திறன் கொஞ்சம், ஆகவே வாசலிலேயே ஒரு வடிகட்டி வேண்டும். அழகான உருவகம். அடுத்த வருடமே நெவில் மோரே அதில் ஓட்டை போட்டார். கவனிக்காத காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது சுமார் மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார். வடிகட்டி வாசலிலேயே எல்லாவற்றையும் நிறுத்தினால் பெயர் மட்டும் எப்படி உள்ளே வந்தது? முழுசாக அடைப்பதில்லை, சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறது என்றார் ஆன் டிரெய்ஸ்மன். விவாதம் அப்படியே நீண்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மோரேயின் மீதி மூன்றில் இரண்டு பேர். சொந்தப் பெயரே அவர்கள் காதில் ஏறவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கொரில்லா யாரும் எதிர்பாராத ஒன்று. பம்பின் அலாரம் அப்படியா? அதைக் கேட்பதுதானே நர்ஸின் வேலை? சரியான கேள்வி. அதனால்தான் ஆஸ்பத்திரியில் காட்ட இந்த வீடியோ பொருத்தமில்லை என்கிறேன். பொருத்தமான கதை வேறு இருக்கிறது.

1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமியில் இறங்க வந்தது. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. தானியங்கியில் 2,000 அடி உயரத்தில் விமானத்தை ஓடவிட்டு, காக்பிட்டில் இருந்தவர்கள் அந்த விளக்கையே ஆராய ஆரம்பித்தார்கள். ஒருவர் சக்கரத்தை நேரில் பார்க்கக் கீழே இறங்கிப் போனார். இதற்கிடையில் தானியங்கியின் உயரக் கட்டுப்பாடு விலகியது, யாருக்கும் தெரியவில்லை. விமானம் மெதுவாக இறங்கியது. உயரம் 250 அடி விலகியதும் எச்சரிக்கை மணி அடித்தது. குரல் பதிவில் அந்த மணி இருக்கிறது. அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் எரிந்துபோயிருந்தது.

அந்த மணி அவர்கள் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றா? இல்லை, வேலையின் பகுதிதான். அனுபவம் இல்லாதவர்களா? அதுவும் இல்லை. கவனம் குறைந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவனம் அத்தனையும் ஒரு பல்பில் குவிந்துவிட்டது. குவிப்புக்கும் குறைவுக்கும் நம் மொழியில் ஒரே வார்த்தையைப் போட்டு மெமோ கொடுக்கிறோம். ஆராய்ச்சிக்காரர்களும் தப்பவில்லை. "இன்அட்டென்ஷனல் பிளைண்ட்னஸ்", கவனமின்மைக் குருடு, என்றுதான் அவர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கவனமில்லாதவன் என்பது என்ன நியாயம்?

விமானத் துறை "கவனமா இருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு, 1981-ல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும், காக்பிட்டில் தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது. ஒருவர் கோளாறைப் பார்க்கும்போது இன்னொருவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று பழக்கினார்கள். மனிதனுக்கு இருக்கும் கவனம் இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்டு, வேலையை அதற்குத் தக்கபடி வெட்டித் தைத்தார்கள். சில நாடுகளில் மருந்து கொடுக்கும் நேரத்தில் நர்ஸ்கள் "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய மேலங்கி போட்டுக்கொள்வதும் இதே யோசனையில்தான். அதனால் பெரிய பலன் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பிரச்சினையைச் சரியான இடத்தில் தேடுகிறார்கள்.

இத்தனையும் தங்கச்சியிடம் போனில் சொன்னேன். அரை மணி நேரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, அதெல்லாம் இருக்கட்டும். மெமோவுக்கு என்ன எழுத?" என்றாள்.

"அந்த நேரத்துல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தே?"

"டோஸ் கணக்கு. ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். தசமப்புள்ளி ஒண்ணு மாறினா குழந்தைக்குப் பத்து மடங்கு போயிடும்ணா."

"வார்டுல எத்தனை நர்ஸ்?"

"ரெண்டு பேரு போடணும். அன்னைக்கு நான் மட்டும்தான்."

அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.