திருக்கோளூர்ப் பெண்பிள்ளை காட்டும் காவிய நாயகர்

காவிய நாயகன் ஆவான் யார் என்னும் வினாவிற்கு ஆலங்காரிகர் தந்த விடை நாம் அறிந்ததே. தண்டியாசிரியர், ஒப்பற்றவனே தலைவனாதற்கு உரியன் என்பர். 10ஆம் நூற்றாண்டில் தசரூபகம் இயற்றிய தனஞ்ஜயர் தீரோதாத்தன் முதலாக நால்வகை நாயகரை வகுத்தார். வால்மீகி பகவான் நாரதரிடம் வினவுங்கால் அடுக்கிய குணங்களை வ்யாக்யாதாக்கள் 16 எனக் கணக்கிடுவர். இவையனைத்தும் குணத்தொகையால் நாயகனை அளப்பன. இதனின் வேறான அளவை ஒன்று தாமிரபரணித் தென்கரையிலேயே நமக்கு வாய்த்திருக்கிறது. அதுவே திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம்.

ஐதிஹ்யம் யாவரும் அறிந்ததாதலின் சுருங்கச் சொல்வேன். நம்மாழ்வார் தம் மகள் திண்ணமாகப் புகும் ஊர் என்றருளிய திருக்கோளூருக்கு எழுந்தருளும் எம்பெருமானார், அவ்வூரினின்று வெளியேறும் பெண்பிள்ளை ஒருத்தியைக் கண்டு காரணம் வினவுகிறார். இன்னார் செய்தது போல் நான் ஏதும் செய்தேனோ என்று 81 பேரைச் சுட்டி விடையிறுக்கிறாள் அவள்.

இங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு செயலே. குகப்பெருமாள் ஓடம் விட்டது. சபரி இனியதை வைத்திருந்தது. பெரியவுடையார் அரக்கனோடு பொருதது. கபந்தன் அடையாளம் சொன்னது. குலமும் குணமும் கேட்கப்படுவதில்லை. பிணத்தை விருந்தாக இட்ட கண்டாகர்ணனும், பாபத்தில் உழன்ற க்ஷத்ரபந்துவும், உடையவர் காலத்து எம்பாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். எங்கள் தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கல்லின் துணையால் மூழ்குவோனுக்கு ஒரு மூச்சளவே காலம். அதற்குள் கை எட்டியதே அவன் கணக்கு. இவ்வம்மையாரின் கணக்கும் அத்தகையதே.

வியப்பிற்குரிய இடம் இனி. காவியத்தின் ஒப்பற்ற தலைவரான பெருமாளும் இவ்வரிசையில் ஒருவர். அவர்க்குரிய செயலாகச் சொல்லப்பட்டது யாது? வில் முறித்ததன்று, கடலை அடைத்ததன்று. கானகம் சென்றது மட்டுமே. பத்துத்தலையானைச் செற்ற செயலோ பிராட்டிக்கு உரித்தாக்கப்பட்டுள்ளது. இதனை ஓசை நயத்திற்காக வந்த மாற்றம் என்று தள்ளுவாரும் உளர், நான் உடன்படேன். ஸ்ரீராமாயணம் சிறையிலிருந்த பிராட்டியின் பெருமையைக் கூறவந்தது என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்ததை இங்கு நினைக்க வேண்டும். அசோகவனத்தில் பிராட்டி இராவணனிடம், உன்னைச் சாம்பலாக்க வல்லேனாயினும் பெருமாளின் ஆணையில்லாமையால் அது செய்யேன் என்கிறாள். ஆற்றல் இருந்தும் அதனை அடக்கியிருந்த அவ்விருப்பே இராவணனை முடித்தது. அம்பு பின்னர் வந்தது. ஆலங்காரிகர் நாயகியாக மட்டும் வகைப்படுத்தும் ஒருத்தியை வெற்றிக்குரியவளாகப் பெண்பிள்ளை கண்டாள் எனில், அவள் காவியத்தை நம்மில் பலரினும் ஆழக் கற்றவள்.

மற்றோர் இணையும் நோக்கத்தக்கது. பிரகலாதாழ்வான் எம்பெருமான் இங்கும் உளன் என்று மெய் சொன்னான். தயிர்ப்பானைக்குள் கண்ணனை ஒளித்த ததிபாண்டன் இங்கில்லை என்று பொய் சொன்னான். குணங்களை எண்ணிப் பார்ப்பவர்க்கு வாய்மையுடையவன் ஒருவன், அஃதில்லாதவன் மற்றொருவன். பெண்பிள்ளைக்கோ இருவரும் ஒத்தவர். இருவர் சொல்லும் அவன்பொருட்டே எழுந்தமையின்.

இந்நாளில் இந்நூலை உபந்யஸிப்போர் பலர் 81 கதைகளாக விரித்து மகிழ்விக்கின்றனர். கதை வளர வளர, ஒவ்வொரு வாக்யத்திலும் நிற்கும் ஓகாரம் செவியில் விழாமற் போகிறது. அவ்விடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் உரைத்த பொருள்களுள் எதிர்மறையும் ஒன்று. செய்திலேன் என்பதே அவள் சொன்னது. பிறர் பெருமையைப் பட்டியலிடுதல் அவள் கருத்தன்று. ஒவ்வொருவர் அருகிலும் தன்னை நிறுத்தி, தான் குறைந்ததைக் கண்டாள். காவிய மாந்தர் ஒருவர் நமக்கு நாயகர் ஆவது இவ்வாறு நம்மைக் கேள்வி கேட்கும்போதே என்பது என் துணிபு. வியந்து கைதட்டிக் கலைந்துபோகும் அவையில் அத்தகைய நாயகர் எவரும் இல்லை.

தண்டியின் இலக்கணப்படி அவளைத் தலைவி எனல் ஒல்லாது. அவளுக்குக் குலமுறை சொல்லப்படவில்லை. ஊர் உண்டு, அதையும் விட்டு நீங்குகிறாள். ஆயினும் அவள் மொழி கேட்ட உடையவர், அவளை மீளவும் ஊருக்குள் அழைத்துச் சென்று அவள் இல்லத்திலேயே அமுதுசெய்தருளினார் என்பர். 81 பேரின் பெயரையும் போற்றிவைத்த நூல் அவள் பெயரைச் சொல்லவில்லை.