பத்தாவது கோல்

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கோல்கள் மொத்தமே பத்து. முதல் கோல் 1948இல் லண்டனில், பிரான்சுக்கு எதிராகச் சாரங்கபாணி ராமன் அடித்தது. பத்தாவது, 1960 ரோம் ஒலிம்பிக்கில் சைமன் சுந்தர்ராஜ் அடித்தது. அதற்குப் பிறகு இந்தியா அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவேயில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கடைசியாக வலையை அசைத்தவர் இந்தத் தமிழர்தான்.

ரோமுக்குப் போன அணியின் முன்வரிசையில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று பெரிய பெயர்கள். ஹங்கேரியிடம் 1-2 தோல்வி, கோல் பலராமுடையது. பிரான்சுடன் 1-1, பானர்ஜி அடித்தார். கடைசி ஆட்டம் பெருவோடு. 85வது நிமிடத்தில் இவாசாகி அடித்தபோது பெருவுக்கு மூன்றாவது கோல். 88வது நிமிடத்தில் சுந்தர்ராஜ். 1-3.

தோற்ற ஆட்டத்துக் கோலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இந்தப் பத்தில் ஆகப் பிடித்தது அதுதான்.

தூத்துக்குடி தருவை மைதானத்தில் சாயங்கால ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏனென்று புரியும். மூன்றாவது கோல் விழுந்ததும் கவனியுங்கள். பேக் ஆடுகிறவன் கோலியைத் திட்டுவான். விங்கில் இருப்பவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பான். வலைக்குள் கிடக்கும் பந்தை எடுக்கக்கூட ஆள் வராது. அந்த நேரத்தில் ஃபார்வர்டு ஒருவன் மட்டும் நடுக்கோட்டில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு, எதிரணித் தடுப்பில் யார் அசந்து நிற்கிறான் என்று நோட்டம் விட்டால், அவனை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஜெயிக்கிற அணியில் கோலடிக்கக் கால் போதும். மூன்றாவது கோலை வாங்கிய மூன்றே நிமிடத்தில் திருப்பி அடிக்க நெஞ்சுரம் வேண்டும்.

அந்த உரம் பின்னாளில் சுந்தர்ராஜின் பயிற்சியிலும் தெரிந்தது. 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. மூன்று கோலும் கேப்டன் மணி. பயிற்சியாளர் சுந்தர்ராஜ். மலையாளிகள் அந்த வெற்றியை இன்றும் பேசுகிறார்கள். அதன் பின்னால் நின்ற தமிழரைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம்மிடம் 0-2 என்று தோற்ற நாடு அது. ஆறே ஆண்டில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. அந்தப் போட்டியில் ஜப்பான் வீரர் கமமோட்டோ மட்டும் 7 கோல். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆன பின்பும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஏழு கோலும் ஒரு கோலும் ஒன்றல்லதான். ஆனால் அந்த ஒன்றைக்கூட நினைவில் வைக்காத ஊரில் அடுத்தது எப்படி வரும்?

நம் கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் தளராமல் ஆடுகிற பையனுக்கென்று ஒரு பரிசு வையுங்கள். அதற்கு சைமன் சுந்தர்ராஜ் பெயரைச் சூட்டுங்கள்.