கழுத்தில் என்ன கலர்?

தமிழ் சினிமாவில் ஐ.டி. ஆசாமியை அடையாளம் காட்டுவது ரொம்ப சுலபம். கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஓர் அட்டை, முதுகில் ஒரு கறுப்புப் பை, பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடம். முடிந்தது கதை. அவர் ஹீரோவாக இருந்தால் இன்டர்வெல்லுக்குள் வேலையை உதறிவிடுவார். ஹீரோவுக்கு எதிராளி என்றால் தன் சம்பளத்தைச் சொல்லிக்காட்டி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

எல்லாம் சரி. அந்தக் கயிறு என்ன கலர் என்று எந்த டைரக்டராவது யோசித்துப் பார்த்திருக்கிறாரா?

சும்மா கேட்கவில்லை. செங்கல்பட்டுக்கு முந்தின ஸ்டேஷன் பரனூர். 2002-ல் தொடங்கிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டி அங்கேதான் இருக்கிறது. காலை மின்சார ரயிலில் இறங்கும் கூட்டத்தின் கழுத்துகளைக் கவனியுங்கள். கட்டடம் ஒன்றுதான், மாடியும் ஒன்றுதான், பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். ஆனாலும் பல கம்பெனிகளில் கயிறு மட்டும் இரண்டு கலர். ஒன்று கம்பெனி ஆளுக்கு, இன்னொன்று கான்ட்ராக்ட் ஆளுக்கு. செக்யூரிட்டிக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, கயிற்றைத்தான் பார்க்கிறார். நம் சினிமா கயிற்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் மோசமான படங்கள் அல்ல. மோசமான படங்களோடு சண்டை போடுவதில் என்ன பிரயோஜனம்?

முதலாவது, ராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ (2007). ‘தமிழ் எம்.ஏ.’ என்ற பெயரில் ஆரம்பித்து, தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற காலத்தில் பெயர் மாறி வந்த படம். எம்.ஏ. தமிழ் படித்த பிரபாகரின் சொற்பச் சம்பளத்தையும் கால் சென்டர் பையன்களின் சம்பளத்தையும் அருகருகே வைத்து, ‘இது என்ன நியாயம்?’ என்று சட்டையைப் பிடித்துக் கேட்டது. அந்தக் கேள்வியில் நிஜம் இருந்தது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, ‘வேலையில்லா பட்டதாரி’ (2014). சிவில் படித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் அண்ணன், ஐ.டி.யில் கை நிறையச் சம்பாதிக்கும் தம்பி. அப்பாவின் பாராட்டு எல்லாம் தம்பிக்கு, திட்டு எல்லாம் அண்ணனுக்கு. அரங்கமே கைதட்டியது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒப்பீடு நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது, மறுபடியும் ராம். ‘தரமணி’ (2017). இந்த முறை கேமரா கண்ணாடிக் கட்டடத்துக்கு உள்ளேயே போனது. ஆண்ட்ரியா நடித்த ஆல்தியா, தனியாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண். அவளைப் பணத்திமிர் பிடித்தவளாகக் காட்டாமல் மனுஷியாகக் காட்டினார்கள். பத்து வருஷத்தில் ராம் நடந்து வந்த தூரம் பெரியது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆனால் மூன்று படத்துக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐ.டி. என்பது ஒரே ஜாதி, உள்ளே போய்விட்டால் எல்லோரும் ஒன்று என்ற நம்பிக்கை. உள்ளே இருப்பவர், வெளியே நிற்பவர் என்று கோடு கட்டடத்தின் வாசலில் போடப்படுகிறது. நிஜமான கோடு உள்ளேதான் ஓடுகிறது. அதுவும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். செங்கல்பட்டுக்காரர். பெரிய டெலிகாம் கம்பெனி ஒன்றின் பில்லிங் பிரிவில் வேலை. நீங்கள் ஒரு கால் பேசி முடித்ததும் யார், யாருக்கு, எத்தனை விநாடி என்று ஒரு பதிவு உண்டாகும். அந்தக் கோடிக்கணக்கான பதிவுகளைச் சேகரித்து, விலை போட்டு, பில்லாகவோ பேலன்ஸாகவோ மாற்றுவது ஒரு பெரிய இயந்திரம். ராத்திரி இரண்டு மணிக்கு அதில் ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டால் தட்டி எழுப்பப்படுகிறவர் நம் தம்பி.

“நீங்க அந்தக் கம்பெனியிலதானே இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. நான் அந்தக் கம்பெனிக்கு வேலை செய்யறேன்” என்றார்.

வேற்றுமை உருபு ஒன்று மாறினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததில்லை. டெலிகாம் கம்பெனி ஒரு பெரிய ஐ.டி. கம்பெனிக்கு வேலையைக் கொடுத்திருக்கிறது. அது ஒரு சின்ன கம்பெனியிடம் ஆள் கேட்டிருக்கிறது. சின்ன கம்பெனி இன்னொரு ஏஜென்சி மூலம் இவருக்குச் சம்பளம் போடுகிறது. டெலிகாம்காரர் கொடுக்கும் ஒரு ரூபாய் மூன்று பாக்கெட்டில் தங்கிவிட்டுத்தான் இவரிடம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீம் அவுட்டிங் போனார்கள். இவருக்கு அழைப்பு இல்லை. அன்றைக்கு சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! ஆறு வருஷமாக ஒரே நாற்காலி. கான்ட்ராக்ட் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு தடவையும் கடைசி வாரம் வரைக்கும் பதில் வராது. வீட்டு லோனுக்குப் போனால் பேங்க் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, “பர்மனென்ட்டா?”

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 2004-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏர்டெல்லை நடத்தும் பார்தி நிறுவனம் அந்த ஆண்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு காரியம் செய்தது. டவர், சுவிட்ச் முதலான நெட்வொர்க் வேலையை எரிக்சன் போன்ற கம்பெனிகளிடம் கொடுத்தது. கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் 10 ஆண்டு ஒப்பந்தத்தில் ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பு 75 கோடி டாலர் வரை. போன் கம்பெனி போனையும் கம்ப்யூட்டரையும் தானே பார்த்துக்கொள்ளாதாம்! முதலில் சிரித்தவர்கள் பிறகு காப்பியடித்தார்கள். மேனேஜ்மென்ட் கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். நிமிஷத்துக்கு இவ்வளவு மலிவாக நாம் பேச முடிந்ததற்கு அந்த முறைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒரு வேலை கை மாறினால் அதைச் செய்கிறவனும் கை மாறுகிறான். முதல் கை பெரிய கை. அடுத்தடுத்த கைகள் சின்னதாகிக்கொண்டே போகும்.

நான் பி.காம். படித்தவன். சினிமா பார்த்துப் புரியாததைக் கணக்குப் புத்தகத்தில் தேடுவது என் வழக்கம். ஒரு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் ‘பணியாளர் செலவு’ என்று ஒரு தனி வரி இருக்கும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இருவரில் ஒருவர் அந்த வரிக்குள் வருவார். இன்னொருவர் வெளியிலிருந்து வாங்கிய சேவை என்று வேறொரு தலைப்பில் போய்ச் சேருவார். இதைவிட வேடிக்கை ஜி.எஸ்.டி. கம்பெனி தன் சொந்த ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆள் அனுப்பும் ஏஜென்சி போடும் பில்லுக்கு 18 சதவீதம் உண்டு. அரசாங்கத்தின் பார்வையில் ஒருவர் ஆள், இன்னொருவர் சப்ளை. இந்த ஒரு வரியை வைத்து ஒரு முழுப்படம் எடுக்கலாம்.

“பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே? கான்ட்ராக்டில் அதிகம் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்களே?” என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். லண்டனில் ஐ.டி. கான்ட்ராக்டர் என்றால் பலர் சொந்தமாக ஒரு கம்பெனி வைத்து, நாள் கூலியாக நல்ல தொகைக்கு பில் போடுகிறவர்கள். ‘நீங்கள் கம்பெனி வேஷம் போட்ட ஊழியர்தானே, ஊழியர் மாதிரி வரி கட்டுங்கள்’ என்று பிரிட்டன் 2000-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தது. அங்கே கான்ட்ராக்டர், கம்பெனியோடு பேரம் பேசுகிறவர். நம் ஊர் தம்பி யாரோடு பேரம் பேசுவார்? தனக்காக டெலிகாம் கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ஒரே வார்த்தை, இரண்டு பிழைப்பு.

அமெரிக்காவிலும் கயிறு கலர் பிரச்னை உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் ஊழியருக்கு நீல அட்டை, ஏஜென்சி ஆளுக்கு ஆரஞ்சு அட்டை. வருஷக்கணக்கில் அங்கேயே வேலை பார்த்த தற்காலிக ஆட்கள் ‘நாங்களும் ஊழியர்தான்’ என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2000-ல் 9 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது கம்பெனி. ஜெயித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். அதே காலத்தில் புது விதி வந்தது. ஏஜென்சி ஆள் ஓராண்டு வேலை பார்த்தால் பிறகு 100 நாள் வெளியே இருக்க வேண்டும் என்றது அன்றைய விதி. ‘வருஷக்கணக்கில் இருந்தேன்’ என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா?

சரி, அரசாங்க டெலிகாம் கம்பெனியில் கதை வேறா? பி.எஸ்.என்.எல்.லில் 2019-ல் நடந்ததைப் பாருங்கள். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. சுமார் 78,500 நிரந்தர ஊழியர்கள் ஏற்றுக்கொண்டு, 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் வெளியேறினார்கள். டி.வி.யில் மாலையும் கண்ணீருமாகக் காட்டினார்கள். அதே வருஷம் அதே நிறுவனத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பல மாதச் சம்பள பாக்கிக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விருப்பமும் இல்லை, ஓய்வும் இல்லை, திட்டமும் இல்லை. மாலையாவது போட்டிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி ஓர் இடத்தில் கான்ட்ராக்ட் முறைக்குத் தடை போட்டால்கூட, அங்கே இருந்தவர்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பு, அந்த எண்ணிக்கையை 50 ஆக உயர்த்தியது. முக்கியமான வேலைகளுக்கு கான்ட்ராக்ட் ஆள் கூடாது என்றும் சொல்கிறது, கூடவே விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. போன் கம்பெனிக்கு பில் போடுவது முக்கியமான வேலையா, இல்லையா? ஒரு நாள் பில் நின்றால் தெரியும்.

இப்போது படங்களுக்குத் திரும்புவோம். ‘கற்றது தமிழ்’ பிரபாகரின் கோபம் தப்பில்லை. கோபம் போய் விழுந்த இடம்தான் தப்பு. ராத்திரி ஷிஃப்டில் போன் எடுக்கும் பையனைப் பார்த்து அவன் பற்களைக் கடிக்கிறான். அந்தப் பையனின் சீட்டும் வாடகை சீட்டாக இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, டைரக்டருக்கும் தோன்றவில்லை. அன்றைக்குக் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் சொன்ன தமிழ் வாத்தியாரும் இன்றைக்கு ஆறு மாச கான்ட்ராக்டில் சிஸ்டம் பார்க்கும் தம்பியும் ஒரே கட்சி. இரண்டு பேருக்கும் நாளை என்பது அடுத்தவர் கையில். அவர்களைச் சண்டைக்கு விட்டு நாம் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம்.

‘வேலையில்லா பட்டதாரி’யின் தம்பிக்கு வேலை போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அந்த ரீலை யாரும் எடுக்கவில்லை. ‘தரமணி’ ஆல்தியாவை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தது. அவள் மேஜையைத் துடைக்கிறவரையும் அவள் சிஸ்டத்தை ரிப்பேர் பார்க்கிறவரையும் பின்னணியில் மங்கலாகவே விட்டுவிட்டது. டைரக்டரே இடையிடையே குரல் கொடுத்து சமூகத்தைக் கிண்டலடிக்கும் படம் அது. அந்தக் குரலில் ஒரே ஒரு வாக்கியத்தை இவர்களுக்காக ஒதுக்கியிருக்கலாம்.

இவ்வளவு வருத்தப்பட ஒரு காரணம் இருக்கிறது. மில் தொழிலாளியையும் லாரி டிரைவரையும் தமிழன் முதலில் தெரிந்துகொண்டது சினிமாவிலும் கதையிலும்தான். திரையில் முகம் இல்லாதவனுக்கு ஊரில் அனுதாபம் கிடைப்பதில்லை. ‘ஐ.டி.காரனுக்கு என்னப்பா கஷ்டம்’ என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-ல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் வாரத்தில் எவர் சங்கத்தில் சேருவார்?

கடைசியாக ஒரு தகவல். ‘தரமணி’யிலிருந்து தெற்கே போகும் அதே ராஜீவ்காந்தி சாலை, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு சேர்ந்து முடிகிறது. மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்தைப் போய்ப் பாருங்கள், சுவரெல்லாம் பல்லவ ராஜாவின் பட்டப் பெயர்கள். செதுக்கியவர் பெயர் அங்கே இல்லை. பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தோட்டம் என்ற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்தில் வேலை பார்த்த சிற்பிகளின் பெயர்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ராஜாவின் கட்டடத்தில் இடம் இல்லாததால் ஊருக்கு வெளியே ஒரு கல்லைப் பார்த்து வெட்டிவிட்டுப் போனார்களோ என்னவோ.

அடுத்து ஐ.டி. படம் எடுக்கப்போகும் டைரக்டர் லொகேஷன் பார்க்க ஓ.எம்.ஆர். போவார். தரமணியில் திரும்பிவிடாமல் சாலை முடியும் வரை போய் அந்தப் பாறையையும் ஒரு தடவை பார்க்கட்டும். திரும்பி வரும்போது சிறுசேரியில் ஷிஃப்ட் விடும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கழுத்துகளைப் பார்க்கலாம்.