பத்திரிகையாளரின் பெட்டியும் பல்கலைக்கழகத்தின் அலுமாரியும்

பத்திரிகையாளர் ஒருவர் இறந்ததும் அவரது கடிதங்களையும் குறிப்புக் கொப்பிகளையும் மேற்குலகப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் நமது கடமை முடிந்தது என்ற எண்ணம் புகலிடத்தில் வலுப்பெற்று வருகிறது. இதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு நமது ஊரைவிட ரங்கூனை, அதாவது இன்றைய யாங்கோனை எடுத்துக்கொள்வது நல்லது என்று படுகிறது. நமக்கு நேர்ந்தவற்றுள் பல அங்கே முன்னரே நேர்ந்துவிட்டன. சொந்தக் காயம் அல்ல என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கவும் முடியும்.

ரங்கூன் தமிழுக்கு அந்நிய நகரம் அல்ல. வெ. சாமிநாத சர்மா 'ஜோதி' சஞ்சிகையை நடத்தியது அங்கேதான். 1942இல் யுத்தத்தின் மத்தியில் அவர் கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தார். நடந்து வருபவரால் ஓர் ஆசிரியபீடத்தின் அலுமாரியைச் சுமந்து வர முடியாது. யுத்தத்தின் பின்னர் 'தொண்டன்', 'ரசிக ரஞ்சனி' ஆகிய நாளேடுகள் அங்கே வந்தன. 1964இன் தேசியமயமாக்கலில் கடையையும் தொழிலையும் இழந்த இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் கப்பலேறினர். 1966 தொடக்கத்தில் பர்மிய, ஆங்கில மொழிகள் தவிர்ந்த ஏனைய மொழிப் பத்திரிகைகளுக்கு இடமில்லாது போயிற்று. அந்த ஏடுகளை நினைவுகூரும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அந்த ஆசிரியர்களின் கடிதக் கட்டுகளைப் பற்றிக் கேட்பவரைக் காண்பது அரிது. நம்மிலும் இதே குறை உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தைப் பற்றி நிறைய எழுதிய நாம், அந்த அலுவலகத்தின் மேசை லாச்சிகளில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

அச்சான பத்திரிகை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பர்மாவில் 1962இன் அச்சகச் சட்டத்தைத் தொடர்ந்து வேரூன்றிய முன்தணிக்கை 2012 ஆகஸ்டில்தான் கைவிடப்பட்டது. அந்த அரை நூற்றாண்டில் அச்சான பக்கம் எதுவும் எழுதியவருடையது மட்டுமல்ல, வெட்டியவருடையதும்தான். வெட்டப்பட்டது எது என்பதைச் சொல்லக்கூடியவை ஆசிரியரின் தனிப்பட்ட தாள்கள் மட்டுமே.

இதற்கு நல்ல உதாரணம் எட்வர்ட் லோ-யோன். 1948இல் ரங்கூனில் 'த நேஷன்' ஆங்கில நாளேட்டைத் தொடங்கியவர். 1959இல் மகசேசே விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் நமக்குத் தெரிந்த டார்சி விட்டாச்சி. இலங்கையில் தணிக்கையின் கீழ் பத்திரிகை சொல்ல முடியாத 1958 கலவரத்தின் கதையை லண்டனில் புத்தகமாக வெளியிட்டவர் அவர். லோ-யோன் 1963இல் கைதானார், பத்திரிகையும் மூடப்பட்டது. ஐந்து ஆண்டுச் சிறைக்குப் பின் தாய்லாந்து, பின்னர் அமெரிக்கா என்று அலைந்து 1980இல் இறந்தார். தன் தாள்களை மகள் வெண்டியின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அவற்றிலிருந்து மகள் எழுதிய 'கோல்டன் பாரசோல்' 2013இல் வந்தது.

நல்ல நூல். ஆனாலும் ஒரு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். அது ஒரு மகளின் நினைவு நூல். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். அது அவருடைய உரிமை. ஆவணக் காப்பகத்துக்கு அந்த உரிமை இல்லை. சலிப்பூட்டும் கணக்குச் சீட்டையும், ஆசிரியருக்கே பாதகமான கடிதத்தையும் அது வைத்திருக்க வேண்டும். ஆகவே குடும்பத்தின் அன்பு மட்டும் போதாது, நிறுவனம் ஒன்று தேவை என்பதை ஏற்கிறேன். அந்த நிறுவனம் ஏன் யாங்கோன் பல்கலைக்கழகமாக இருக்கவில்லை என்று கேட்பவர்கள், 1962 ஜூலையில் இராணுவம் அங்கே மாணவர்களைச் சுட்டு, மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்ததை நினைத்துப் பார்க்கலாம்.

என் மறுப்பு இனித்தான் தொடங்குகிறது. பத்திரிகையாளரின் கொப்பியில் இருப்பது அவர் மட்டுமல்ல. அவரிடம் பேசிய எழுதுவினைஞர், சிப்பாய், கைதியின் தாய் எல்லோரும் அதில் பெயரோடு இருக்கிறார்கள். யாங்கோனில் எழுதிய தாள் எப்போதும் சாட்சியப் பொருளாகவே பார்க்கப்பட்டது. பத்திரிகையாளர் வின் டின் 1989 முதல் 2008 வரை சிறையிருந்தார். இன்செய்ன் சிறையின் நிலைமை பற்றி ஐ.நா.வுக்கு எழுதியதற்காக 1996இல் அவரது தண்டனை நீட்டப்பட்டது. 2021 பெப்ரவரி சதிப்புரட்சியின் பின் தண்டனைச் சட்டத்தில் 505அ பிரிவு சேர்க்கப்பட்டது. மார்ச் 8இல் ஐந்து ஊடகங்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. சுற்றிவளைப்புக்கு முதல்நாள் கொப்பிகளை அடுப்பில் போட்ட வீடுகளை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆபத்து இல்லை என்பார்கள். பொஸ்டன் கல்லூரியின் கதை வேறாக இருக்கிறது. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளின் வாக்குமூலங்கள் 2001 முதல் 2006 வரை அக்கல்லூரிக்காக ஒலிப்பதிவு செய்யப்பட்டன. திட்டத்தை வழிநடத்தியவர் எட் மொலோனி என்ற பத்திரிகையாளர். பேசியவர் இறக்கும்வரை ஒலிநாடா வெளிவராது என்று உறுதி தரப்பட்டது. 2011இல் பிரித்தானியாவின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க அரசு அவற்றைக் கோரியது. நீதிமன்றம் சென்றும் சில நாடாக்கள் பொலிசாரிடம் போய்ச் சேர்ந்தன. பல்கலைக்கழகம் கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. நீதிமன்ற ஆணைக்கு முன்னால் காப்பகத்தின் வாக்குறுதி எவ்வளவு மெல்லியது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

என்னோடு வாதிட்ட நண்பர் ஒருவர், "நீங்கள் நிபந்தனை பேசிக்கொண்டிருக்கும்போது நிலவறையில் கடதாசி பூஞ்சணம் பிடித்துப் போகும்" என்றார். அதில் உண்மை இருக்கிறது. கறையான் விவாதம் முடியும்வரை காத்திருக்காது. ஆனால் ஒப்படைப்பதற்கும் நிபந்தனை வைப்பதற்கும் இடையே பகையில்லை. நன்கொடைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதில் எழுத வேண்டியதைக் குடும்பத்தார் எழுதாமல் கையெழுத்து மட்டும் போடுவதுதான் குறை.

என்ன எழுதலாம்? உயிரோடிருப்பவர் பெயர் வரும் கடிதங்களை முதலில் பிரித்தெடுத்து, இத்தனை ஆண்டுக்கு மூடியிருக்கும் என்று திகதியோடு குறிக்கலாம். ஒருவரைக் கொலைக்கோ சிறைக்கோ அனுப்பக்கூடிய தாளை இப்போது கொடுக்காமலே வைத்திருக்கலாம். விபரப்பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமல்லாது அந்தத் தாள் எழுதப்பட்ட மொழியிலும் வேண்டும். திறக்கக்கூடிய பகுதியின் பிரதி ஒன்று சமூகத்திடமும் இருக்க வேண்டும். யாங்கோன் மாணவிக்கும் யாழ்ப்பாண மாணவனுக்கும் விசா கிடைத்தால்தான் படிக்கலாம் என்றால், தாள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்குரியவர்களிடமிருந்து. இதற்கும் முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சேகரிப்பு கடல் கடக்கவில்லை. சென்னையில் நூலகமாக நின்றது.

தனக்குத் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுத்துச் சிறை சென்ற பத்திரிகையாளர்கள் உண்டு. அவர்கள் காத்த பெயர்களை, அவர்கள் இறந்தபின் நல்லெண்ணத்தோடு பெட்டி கட்டி அனுப்பும் நாம் காக்க வேண்டாமா? இது பற்றி மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும். வீட்டில் அப்படியொரு பெட்டியை வைத்திருப்பவர்கள், கையெழுத்திடுமுன் அதை ஒருமுறை திறந்து வாசிக்க வேண்டும்.